மூன்று முறைக்கும் ஒரே மீன்

பண்ணந்துறை அணையில் இருந்த மீனெல்லாம் ஒரே மீனாக ஆன அன்றைக்குக் காலையில், தூண்டில் பங்களாவுக்கு வந்திருந்த பெங்களூர்க்காரர் ஒருவர்தான் அதை முதலில் பிடித்தார். பிடித்து, ஈரத்துணியில் ஏந்தி, படம் எடுத்துக்கொண்டு, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டார். உச்சிவெயிலில் குத்தகைக்காரர் அங்கப்பனின் ஆட்கள் இழுத்த வலைகளிலெல்லாம் வெறும் பாசி வர, கடைசி வலையில் அதே மீன் வந்தது; அதைத் தராசில் போட்டு, ஐஸில் புதைத்து, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள், அது எங்கேயோ ஒரு சந்தையில் துண்டாகி யார் யார் வீட்டு அடுப்பிலோ கொதித்தது. பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் ஊர் மாரக்கா பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்க் கைத்தூண்டில் போட்டபோது மாட்டியதும் அதே மீன்தான்: பெரிய கெண்டை, இடது கண்ணுக்கு மேலே விபூதி இட்டது போல ஒரு வெள்ளை, மேலுதட்டில் பெங்களூர்க்காரர் காலையில் போட்ட ஓட்டை. "நீதானா?" என்று மாரக்கா கேட்டாள். அது வாயைத் திறந்து மூடியது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள், தின்றார்கள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மறுநாள் விடிந்தபோது அது மறுபடியும் பங்களா விருந்தாளியின் தூண்டிலில் துள்ளிக்கொண்டிருந்தது.

மீன் ஒன்றாவதற்கு முந்தின நாள்தான் அணைக்கரையில் கல்வீச்சு நடந்திருந்தது. தூண்டில் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் ரெஜி சார், நாங்கள் ஒரு உயிரையும் கொல்வதில்லை, பிடிக்கிறோம், விடுகிறோம், ஆகவே மீன் எங்களுக்குத்தான் என்றார். அங்கப்பன், நான் குத்தகை எடுத்தவன், குஞ்சு வாங்கி விட்டவன், ஆகவே மீன் எனக்குத்தான் என்றார். நாங்கள், இந்தத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது எங்கள் ஊர், எங்கள் அடுப்புக்கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அந்த அடுப்பின் மேல் நீந்துகிற மீன் எங்கள் குழம்புக்குத்தான் என்றோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பார்த்துக் கைநீட்டி "எங்க மீனு" என்று கத்தினோம், அப்புறம் கல் பறந்தது, விடிந்ததும் மீன் ஒன்றாக இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டு ஓய்ந்துபோன ஊர் எங்களுடையது.

வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்க்கட்டி சடையன்தான் வழி சொன்னார். வாய்க்கால் செத்துப்போன பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடந்துகொண்டிருந்த மனிதர்.

"ஒத்தக் கெணறு ஏழு காட்டுக்குப் பாயலியா? ஒத்த மீனு மூணு முறைக்குப் பாயாதா? காலையில பங்களா. உச்சியில குத்தகை. சாயங்காலம் ஊரு. ஊருக்குள்ள வூட்டுக்கு வூடு முறை. முடிஞ்சுது."

"நீ பாச்சுவ மாமா," என்றாள் மாரக்கா, "கடைமடைக்கு என்னைக்கு முழுசாத் தண்ணி வந்திருக்கு?"

எல்லோரும் சிரித்தோம், முறை வைத்துக்கொண்டோம். வைத்த பிறகு அது எப்போதும் அப்படியே இருந்தது போல ஆகிவிட்டது. பங்களாச் சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டினார்கள், ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு ஆள், வேறு வேறு தொப்பி, ஒரே மீன். அங்கப்பன் ஒரே ஒரு வலையை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சுருட்டிக் கட்டினார். அவரிடம் வலை இழுத்தவர்கள் வேலை போய் எங்களோடு சாயங்கால முறையில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்கிறதுக்கு முன்னால் "உங்க வூட்டு முறை என்னைக்கு?" என்று கேட்டார்கள், அந்த நாளுக்குத்தான் நிச்சயம் வைத்தார்கள். யாருக்கு முறை என்று மறந்துபோனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஊர்ப் பூனைகள் எந்த வாசலில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

அவள் தேய்ந்துகொண்டு வருவதை முதலில் பார்த்தவள் மாரக்காதான். மீனை நாங்கள் அதற்குள் அவள் என்றுதான் சொல்ல ஆரம்பித்திருந்தோம். யார் வீட்டு முறையானாலும் பெரிய மீனை அறுக்க மாரக்காவைத்தான் கூப்பிடுவார்கள், புருஷன் பரிசல் கவிழ்ந்து செத்ததிலிருந்து மீன் அறுக்கிற கத்திதான் அவளுக்குத் துணை. ஒருநாள் கத்தி அழுத்தாமலேயே இறங்கியது. உற்றுப் பார்த்தால், முந்தின நாள்களில் துண்டு போட்ட இடமெல்லாம் மெல்லிய தழும்பாக, கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டது மாதிரி உடம்பு முழுக்கக் கோடு ஓடியிருந்தது. கத்தி அந்தக் கோட்டில் பழகிய வண்டிமாடு மாதிரி தானாகப் போனது. வாயெல்லாம் தூண்டில் ஓட்டை. முதுகில் வலை அறுத்த தடம். விருந்தாளிகள் தழும்பு தெரியாத பக்கமாகத் திருப்பிப் படம் எடுத்தார்கள், அங்கப்பன் ஐஸை அதிகமாகப் போட்டு மூடினார், நாங்கள் புளியை அதிகமாகக் கரைத்தோம்.

நாளுக்கு நாள் உடம்பு வற்றியது, ஆனால் ஆனி கழிந்ததும் வயிறு மட்டும் பெருத்தது. சடையன் கரையில் குந்தி அவளைப் பார்த்தார்.

"சினை. புதுத்தண்ணிக்கு ஏறணும்னு நிக்கறா. மலையில மழை விழுந்து கல்லோடை ஓடுற அன்னைக்கு அவ மேல ஏறி முட்டை வுட்டுட்டான்னா, பழையபடி ஆயிரம் ஆயிடுவா. அந்த ஒரு நாளு யாரும் தொடாதீங்க. ஒரே ஒரு நாளு."

அதைக் கேட்டு எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மற்ற இரண்டு பேரும் தொடக்கூடாது என்பதில் மூன்று பேருக்கும் மாற்றுக்கருத்தே இல்லை.

மலைப்பக்கம் வானம் கறுத்து மின்னத் தொடங்கியபோது பங்களாவின் கார் கொட்டகையில் கூடினோம். மறுநாள் புதுத்தண்ணீர் வந்துவிடும் என்று காற்றிலேயே வாசம் இருந்தது.

"நாங்க விட்டுடறோங்க," என்றார் ரெஜி சார். "நாங்க எப்பவும் விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

"ஆமா, ஒதட்டக் கிழிச்சுக் கிழிச்சு வுடுறீங்க," என்றார் அங்கப்பன். "புள்ளைய அடிச்சுப்போட்டு முட்டாய் குடுக்கற மாதிரி."

"நீங்க மட்டும் தாலாட்டுப் பாடி ஐஸ்ல படுக்க வெக்கறீங்களாக்கும்?"

கொட்டகை சிரித்தது. சிரிப்பு அடங்கின பிறகு யாரோ, நாளைக்குச் சாயங்கால முறை யார் வீடு என்று கேட்டார்கள். பூனைகள் ஒரு நாள் முன்னதாகவே மாரக்கா வாசலில் உட்கார்ந்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

மாரக்காவின் மகள் பவளா பிள்ளை பெற்று வந்திருந்தாள். பெண் குழந்தை. பால் சுரக்கவில்லை. ஆட்டுப்பாலும் மாவுப்பாலும் வாயில் விட்டால் விட்ட வேகத்தில் வெளியே வந்தது. குழந்தையின் அழுகை முதலில் பூனைக்குட்டி போல இருந்து, பிறகு கதவு கிரீச்சிடுவது போல ஆகி, இப்போது வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே கைமருந்து, அன்றைக்குப் பிடித்த கெண்டையைப் பூண்டும் மிளகும் போட்டுச் சாறு வைத்துப் பிள்ளை பெற்றவளுக்கு அவள் தாய்க்காரி தன் கையால் ஊட்டுவது. கீழ்வீட்டு ரஞ்சிதம் பிள்ளை பெற்று இப்படித்தான் காய்ந்து கிடந்தாள், அவர்கள் முறை வந்த அன்றைக்குச் சாறு குடித்து, பொழுது விடிவதற்குள் ரவிக்கை நனைந்தது. மாரக்கா தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கொருவர் முறையை மாற்றிக்கொள்ளலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் முறையை மாற்றினால் வெட்டுக்குத்து என்று பழகின ஊர்.

"மாரக்கா," என்றார் அங்கப்பன், "நீ வுட்டா நானும் வுடறேன்."

"நான் வுடாட்டி நீ வுடமாட்டியாண்ணே? ஒரு நாள் போனா உன் லாரி சும்மா நிக்கும். சாருக்கு ஒரு நாள் போனா போட்டோ இல்லாம ஊருக்குப் போவாங்க. எனக்கு ஒரு நாளு போனா…"

"ஊருக்காகக்கா," என்றோம் நாங்கள்.

"ஊருக்காகன்னா மட்டும் என் வூட்டுக்கு வழி தெரியுது உங்களுக்கு."

சடையன் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு நாளு பொறும்மா. அப்புறம் முறையே வேண்டியதில்ல. தெனமும் உன் பரிசல்ல மீனு கெடக்கும். அந்தப் புள்ளையும் அது புள்ளையும் தின்னும்."

"நாளானிக்கு எங்க முறை," என்றாள் ரஞ்சிதம். "நீ எடுத்துக்க அக்கா."

மாரக்கா வெளியே மின்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி," என்றாள். "ஆனா வயித்துப்புள்ளக்காரிய வெறுங்கையோட மேல அனுப்பறதா? அவளும் பொறந்த எடத்துக்குத்தானே போறா. வளையல் போட்டு அனுப்புங்க."

அதைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு இளகிவிட்டது. அங்கப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெஜி சார், அருமையான விஷயம், விருந்தாளிகளும் பார்க்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் பங்களாக்காரர்கள் அவளைப் பிடித்து, கொல்லாமல் அங்கப்பன் கையில் கொடுத்தார்கள், அவர் வலைத்துணியைத் தொட்டில் போலக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் அவளைக் கிடத்தினார். பெண்கள் மஞ்சள் பூசினார்கள், கற்பூரம் காட்டினார்கள், புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் உருட்டித் தண்ணீரில் விட்டார்கள். வாலை வெற்றிலை மாதிரி மடித்து, வாலுக்கு மேலே கைமணிக்கட்டு அளவு ஒடுங்கிய இடத்தில் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள், பச்சையும் சிவப்புமாக. பவளாவின் வளைகாப்பு வளையல்கள்தான் அவை. மாரக்கா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். போடுகிற இடத்துக்கு அவள் வரவில்லை, கைம்பெண் என்பதால் மேட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து மடித்த வால் விரிந்ததும் வளையல்கள் கழலாமல் நின்றன. அங்கப்பன் தொட்டிலை அவிழ்த்தார். அவள் ஒரு சுற்றுச் சுற்றிக் கல்லோடை வாய்க்குப் போனாள்.

உச்சியில் புதுத்தண்ணீர் வந்தது. செம்மண் கரைந்து, டீத்தண்ணி நிறத்தில், சருகும் குச்சியும் சுமந்துகொண்டு இரைந்து வந்தது, அதில் கையை விட்டால் விரல் தெரியவில்லை. புதுத்தண்ணீரைச் சாமி கலக்கி விடுவதே ஏறுகிற மீனை யாரும் பார்க்கக்கூடாது என்றுதான். மூன்று தரப்பும் கரையில் கைகட்டி நின்றோம், நிம்மதியாக இருந்தது, எங்கே இருக்கிறாள் என்று யாருக்குமே தெரியாததால் எல்லோரும் நல்லவர்களாக இருந்தோம்.

அப்போது வளையல் சத்தம் கேட்டது.

கல்லில் வால் படும்போதெல்லாம் கலகலவென்று, ஒரு பெண் குனிந்து வீடு மெழுகுவது போல. இதோ முதல் திட்டில். இதோ நாவல் மரத்தடியில். இதோ ஒரு படி மேலே. எங்கே இருக்கிறாள் என்று இப்போது குருடனுக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாங்கள் யாரும் அவளைப் பிடிக்கப் போகவில்லை. மற்றவர்கள் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் போனோம். பங்களாக்காரர்கள் தூண்டிலைக் கொண்டுபோனதும், அங்கப்பன் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டதும், நாங்கள் கூடையும் தடியும் எடுத்ததும் அதற்காகத்தான். நடந்தோம், பிறகு வேகமாக நடந்தோம், பிறகு ஓடினோம், எல்லோருக்கும் முன்னால் அந்தச் சத்தம் ஓடியது.

மாரக்கா தன் வாசலில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அதே சத்தத்தைக் கேட்டாள். பின்னாலேயே எங்கள் காலடிகளையும் கேட்டாள். குழந்தையைப் பவளாவிடம் கொடுத்துவிட்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கற்றாழைப் புதர் வழியாகக் குறுக்கே ஏறினாள். பெரிய பாறைக்குக் கீழே ஒரு மடுவில் மீன் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மாரக்கா இறங்கி, சத்தத்தைக் கையால் தடவிப் பிடித்து, வாலை மடித்து வளையல்களை ஒவ்வொன்றாக உருவினாள். மீன் திமிறவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மாதிரியே மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில் மாரக்காவின் மடியில் மீன் இருந்தது, இடுப்பில் கத்தி இருந்தது, அன்றைக்கு அவளுடைய முறை, பார்க்க ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவள் எங்களுக்குச் சொன்னதில்லை.

மீனைப் பாறைக்கு மேலே தூக்கி விட்டுவிட்டு, வளையல்களைத் தன் கையில் போட்டுக்கொண்டாள். கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து, கையைக் கல்லில் உரசிக்கொண்டே கீழ்நோக்கி இறங்கினாள். கலகலவென்று சத்தம் எங்களை நோக்கித் திரும்பி வந்தது.

"எறங்குறா! எறங்குறா!" என்று எங்களில் யாரோ கத்தினார்கள். தூண்டில் முள் பறந்து வந்து அவள் முன்கையில் ஏறியது. வீச்சுவலை விரிந்து தலையில் விழுந்தது. நாங்கள் வலையின் மேல் விழுந்து கூடையாலும் தடியாலும் கையாலும் அமுக்கினோம். "பெருசு, பெருசு, வுடாத," என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே கரைக்கு இழுத்தோம். அன்றைக்குத்தான் மூன்று தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து பிடித்தோம், பிடித்தது மாரக்காவை. வலைக்குள் ரத்தமும் சேறுமாகக் கிடந்தவளைப் பார்த்து முதலில் வந்த பேச்சு இதுதான்:

"அடிப்பாவி, தாலியறுத்தவ கையில வளையலா?"

மறுநாள் காலை தூண்டிலில் ஒன்றும் இல்லை. உச்சியில் வலையில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ரஞ்சிதம் சொன்ன சொல் தவறாமல் தன் முறையை மாரக்காவுக்குக் கொடுத்தாள். முறை இருந்தது, மீன் இல்லை. அதற்கடுத்த வீடும் கொடுத்தது. எல்லா வீடும் கொடுத்தோம், அவ்வளவு தாராளமாக நாங்கள் எதையும் எப்போதும் கொடுத்ததில்லை. அமாவாசைக்கு முன்னால் குழந்தையை ஓடைமேட்டில் கொண்டுபோய்க் குழிக்குள் வைத்துவிட்டு வந்தோம். அதற்கு இரண்டாம் நாள் பவளாவுக்குப் பால் சுரந்து கட்டியது. பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினார்கள், அந்த வீடு முழுக்கப் பூவாசம். புருஷன் வீட்டுக்கு பஸ் ஏறும்போது பவளா தாயைப் பார்த்து, "மீனுக்கு வளையல் போட்டு அனுப்புனியே, அது புள்ளைங்களாவது உன்னைப் பாத்துக்கட்டும்," என்றாள். மாரக்கா ஜன்னலுக்குக் கீழே நின்றாள், கையை ஆட்டவில்லை. ஆட்டினால் சத்தம் வரும்.

முள் ஏறிய கை வீங்கிப்போய் வளையல்கள் இறங்கவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள். உடைத்து எடுக்கலாம் என்றபோது அவள் விடவில்லை. "ஒருக்கா ஒடைச்சீங்களே, போதும்," என்றாள்.

கல்லோடை ஓடி முடித்துக் குட்டைகளாக நின்றது. பெரிய பாறைக்கு மேலே இருந்த குட்டைகளில், சீரகத்துக்குக் கண் வைத்தது போலக் குஞ்சுகள், குட்டை முழுக்க. மாரக்கா யாரிடமும் சொல்லவில்லை. வெயில் ஏற ஏறக் குட்டைகள் ஒவ்வொன்றாகச் சேறாகின; ஒவ்வொன்று வற்றுவதற்கு முன்னும் குஞ்சுகளைச் சேலைத்தலைப்பில் அரித்து அடுத்த குட்டைக்கு மாற்றினாள். கடைசியாக எல்லாம் ஒரே குட்டையில் வந்து சேர்ந்து, அதுவும் கணுக்கால் அளவு ஆனபோது, ஒரு பித்தளைக் குடத்தில் எல்லாவற்றையும் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு அணையை நோக்கி நடந்தாள். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கை குடத்தில் பட்டது. கலகலவென்று ஊரெல்லாம் கேட்டது.

அவள் தண்ணீர் விளிம்புக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் அங்கே இருந்தோம்.

"என்னம்மா அது?" என்றார் ரெஜி சார், மரியாதையாக.

"குஞ்சு. வழி வுடுங்க."

"எங்க விடப்போற?" என்றார் அங்கப்பன். "அந்தப் பக்கம் பங்களாத் துறை. அங்க வுட்டா அவுங்களுதுன்னு போர்டு வெச்சிருவாங்க. குத்தகைப் பக்கமா வா."

"எங்க தண்ணிக்கு வாக்கா," என்றோம் நாங்கள். "நம்ம அடுப்புக்கல்லு மேல வுடு. நீ நம்ம சனம்."

"தண்ணி சுடுது," என்றாள் மாரக்கா. "பேசிட்டு நிக்காதீங்க. குடம் சுடுது. எங்கயாவது வுடறேன், வுடுங்க என்னை."

எங்கேயாவது என்றால் எங்கே என்று யாரோ கேட்டார்கள். தாய்மீனைப் பிடித்துக் கொடுத்தது யார் என்று ஒருவர் கேட்டார், தொட்டில் கட்டியது யார் என்று ஒருவர், வளையல் யாருடையது, மஞ்சள் யாருடையது. வெயில் நேராக இறங்கியது. குரல் ஏறியது. மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் குடத்தைப் பார்த்துக் கைநீட்டி "எங்க மீனு" என்றோம், வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்ட பிறகுதான் அதை முன்பே ஒருதரம் சொல்லியிருக்கிறோம் என்று எங்களுக்கு நினைவு வந்தது.

மாரக்கா குனிந்து குடத்துக்குள் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். நாங்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தோம். தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரே ஒரு குஞ்சு, பாதிச் சுண்டுவிரல்கூட இல்லை, குடத்தின் அடியில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கண்ணுக்கு மேலே ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை.

பூனைகள் வந்து குடத்தைச் சுற்றி உட்கார்ந்தன. கடைசியில் சடையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாரக்காவின் பக்கம் திரும்பாமல், மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சரி, காலையில பங்களா. உச்சிக்குக் குத்தகை. சாயங்காலம் எந்த வூட்டுல நிறுத்துனோம்?"